நாற்பத்து மூன்று பேரின் அளவு

"செத்துப் போச்சும்மா" என்றாள் பிரேமலதா, நான் செருப்பைக் கழற்றுவதற்குள்.

"ஐயோ, யாரு?"

"போனும்மா. உள்ள வாங்க. தண்ணி குடிங்க முதல்ல."

தீபாவளி ஜாக்கெட் துணியோடு ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, பாலக்கரையில் இறங்கி, இருபத்திரண்டு படி ஏறி வந்திருந்தேன். படியில் வாங்கிய மூச்சு அந்த ஒரு சொல்லில் நின்றே போனது. போன்தான் என்று தெரிந்ததும் உட்கார்ந்தேன். தையல் மெஷினில் ஆயுத பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை வாடித் தொங்கியது. பூஜை முடிந்து மூன்று நாள் ஆகிறது. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. சுவரோரம் துணிப்பைகள் அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒருத்தியின் பெயர்ச் சீட்டு.

"முழுசா சாகல" என்றாள் பிரேமலதா. "பாட்டு பாடுது. படம் காட்டுது. அளவு மட்டும் சொல்ல மாட்டேங்குது. மூணு நாளா ஒரு துணிகூட வெட்டல நான்."

அவள் அளவு எடுக்கும் விதத்தைச் சொன்னால்தான் இது புரியும். நோட்டில் எழுதமாட்டாள். இரண்டு கையிலும் டேப் இருக்கும்போது எழுதுவது எப்படி? போனை மெஷின் பலகையில் வைத்து, வாட்ஸ்அப்பில் தன் எண்ணுக்கே பேசி அனுப்பிக்கொள்வாள். "தோள் பதினாலு, கை ஒன்பதரை, கழுத்து பின்னாடி எறக்கம் ஏழு" என்று அவள் சொல்லச் சொல்ல, அளவு கொடுப்பவள் நடுவில் சிரிப்பதும், "இடுப்பு அவ்வளவா? போன தடவை இவ்வளவு இல்லையே" என்று சண்டைக்கு வருவதும் எல்லாம் சேர்ந்தே பதிவாகும். வெட்டும்போது அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டே சாக்பீஸால் கோடு இழுப்பாள்.

முன்பு நோட்டுதான் வைத்திருந்தாள். ஒரு நாள் யாருடைய வீட்டுக்காரரோ துணி வாங்க வந்தவர், திறந்து கிடந்த பக்கத்தைச் சத்தமாகப் படித்துச் சிரித்துவிட்டார். யாருடைய அளவைப் படித்தாரோ அவள் அதற்குப் பிறகு வரவில்லை. அன்றைக்கே பிரேமலதா நோட்டை அடுப்பில் போட்டாள். "இனிமே உங்க அளவு என் போன்ல இருக்கும். பூட்டோட இருக்கும். என்னைத் தவிர ஒரு காதுக்கும் போகாது" என்று எல்லோரிடமும் சொன்னாள். பாலக்கரை, பீமநகர் பக்கத்திலிருந்து புர்கா போட்டுப் பெண்கள் வருவதும், நான் ஸ்ரீரங்கத்திலிருந்து வருவதும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான்.

என்னுடையதும் அதில் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் எனக்கு மார்பில் ஒரு ஆபரேஷன். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லை. எந்தப் பக்கம் எவ்வளவு, உள்ளே பஞ்சு வைத்து எப்படித் தைக்க வேண்டும் என்பதெல்லாம் இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். என் வீட்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

உள் அறையிலிருந்து அவள் கணவர் ரெங்கராஜ் தலை துவட்டிக்கொண்டே வந்தார். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்குப் பார்க்கிறார். சனிக்கிழமை மட்டும் மத்தியானத்துக்கு மேல்தான் வேலை.

"வாங்கம்மா. உங்ககிட்டயும் புலம்ப ஆரம்பிச்சுட்டாளா? ரிப்பேர் கடைல கேட்டுட்டேன். லாக் பேட்டர்னை எழுதிக் குடுங்க, ரெண்டு நாள்ல பாத்துடலாம்னு சொல்லிட்டான். சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்குக் கிளம்பறேன். போற வழில குடுத்துட்டுப் போறேன்."

"பேட்டர்ன் குடுக்க மாட்டேன்" என்றாள் பிரேமலதா.

"பேட்டர்ன் இல்லாம அவன் என்ன, மந்திரம் போட்டா திறப்பான்?"

"ரெண்டு நாள் திறந்த போன் அங்க கெடக்கும். வர்றவன் போறவன் எல்லாம் அதை அமுக்கிப் பாப்பான். 'வேலை செய்யுதா பாக்கறேன்'னு போட்டுக் கேப்பான்."

"ஜாக்கெட் அளவுதானடி? ராணுவ ரகசியமா இருக்கு அதுல?"

"ராணுவத்துக்குத் தெரிஞ்சா பரவால்ல. பாலக்கரைக்குத் தெரியக்கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெங்கராஜும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "ரெண்டு மணி. அதுக்குள்ள உங்க டாக்டரம்மா சரி பண்ணிட்டா சரி. இல்லன்னா கடைதான். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கடை கிடையாது. தீபாவளி உனக்காக நிக்காது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

"யாரு டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"கீழ் வீட்டு பஸீலாம்மா. வரச் சொல்லியிருக்கேன்."

சொல்லி வாய் மூடவில்லை, படியில் சத்தம். "அஸ்ஸலாமு அலை... ஏன்க்கா, நோயாளி எங்க?" என்று கேட்டுக்கொண்டே பஸீலா வந்தாள். நாற்பது இருக்கும். முக்காட்டின் நுனியை இடுப்பில் செருகியிருந்தாள். ஒரு கையில் தன் போன், மறு கையில் ஒரு சார்ஜர், பல் துலக்கும் பழைய பிரஷ், காதுக்குப் பின்னால் பென்சில்.

"இவங்க ஸ்ரீரங்கத்து அம்மா" என்றாள் பிரேமலதா.

"வாங்கம்மா. கொஞ்சம் கால மடக்கிக்கிறீங்களா? வெளிச்சம் வேணும் எனக்கு."

ஜன்னலுக்கு நேரே தரையில் உட்கார்ந்தாள். நாட்காட்டியில் கிழித்து வைத்திருந்த முந்தாநாள் தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, நடுவில் ஒரு கோடு போட்டாள். ஒரு பக்கம் 'நல்லா இருக்கு', மறு பக்கம் 'கெட்டிருக்கு' என்று எழுதினாள்.

"சொல்லுங்க. கீழே விழுந்துச்சா?"

"இல்ல."

"தண்ணி பட்டுச்சா? குக்கர் ஆவி? பாத்ரூம்ல வச்சீங்களா?"

"சத்தியமா இல்ல."

"புதுசா ஏதாச்சும் ஏத்தினீங்களா? கேம், கடன் ஆப்பு, ஜோசியம்?"

"எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"யாராச்சும் சின்னப் பிள்ளைங்க எடுத்தாங்களா?"

"யாரும் தொடல பஸீலா. நானும் ஒண்ணும் பண்ணல. நல்லா இருந்துச்சு, மறுநாள் கெட்டுப் போச்சு."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. ஒண்ணும் பண்ணாம ஒண்ணும் கெடாது. சரி. என்ன பண்ணுதுன்னு காட்டுங்க. பழசைப் போடாதீங்க. யாரோட அளவும் எனக்குக் கேக்க வேண்டாம். புதுசா பேசுங்க."

பிரேமலதா போனை எடுத்து, "ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு" என்று பேசித் தனக்கே அனுப்பினாள். பிறகு அதை அமுக்கினாள். அமுக்கியதுதான் தாமதம், திரை இருண்டுவிட்டது. சத்தமே இல்லை. பக்கத்து பட்டனை அழுத்தினால் திரை திரும்ப வந்தது, ஆனால் பேச்சு நின்றுபோயிருந்தது. மறுபடி அமுக்கினால் மறுபடி இருட்டு.

"பாத்தியா? வாயத் திறக்கச் சொன்னா கண்ண மூடிக்குது."

பஸீலா 'கெட்டிருக்கு' பக்கம் எழுதினாள்: பேச்சு போட்டால் திரை போகிறது, சத்தம் இல்லை. பிறகு சொன்னாள்: "புதுசும் பேச மாட்டேங்குது. அப்ப உங்க பழைய பதிவெல்லாம் கெடலக்கா. அது பத்திரமா இருக்கு. கேக்கற வழிதான் அடைச்சிருக்கு. பயப்படாதீங்க."

பிரேமலதாவின் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன்.

"ஏன் பஸீலா, இதை அப்படியே உன் போனுக்கு அனுப்பிட்டா அதுல கேக்கலாமே?" என்று சாப்பாட்டிலிருந்தே ரெங்கராஜ் குரல் கொடுத்தார்.

"கேக்கலாம் அண்ணே. நானே அதைத்தான் முதல்ல சொல்லலாம்னு வந்தேன்."

"அனுப்ப மாட்டேன்" என்றாள் பிரேமலதா. "இதுல உன் மாமியா அளவும் இருக்கு பஸீலா. அவங்க என்ன சொன்னாங்கன்றதும் இருக்கு. உனக்கே அனுப்ப மாட்டேன்."

நான் பஸீலாவின் முகத்தைப் பார்த்தேன், கோபப்படுவாளோ என்று. அவள் பென்சிலால் தலையைச் சொறிந்தாள். "எங்க மாமி கமருன்னிசா என்ன சொல்லியிருப்பாங்கன்னு கேக்க எனக்கு ஆசைதான்க்கா. ஆனா நீங்க சொல்றது சரி. அனுப்பிட்டா உங்க வாக்கு போச்சு. என்கிட்ட வந்துட்டா, நாளைக்கு என் போன் கடைக்குப் போகும். அந்த வழி வேண்டாம், விடுங்க."

"காதுல சொருகிக் கேக்கற அது இல்லையா உங்கிட்ட?" என்று நான் கேட்டேன்.

"வயர் வச்சது இந்தப் போன்ல நுழையாதும்மா, ஓட்டையே வைக்கல. வயர் இல்லாதது ஷாஜியா காதுல காலேஜுக்குப் போயிருக்கு. ராத்திரிதான் வருவா."

ஷாஜியா அவளுடைய பெண். கணவன் ஜமீல் சவூதியில், தம்மாமில் பதினோரு வருடமாக இருக்கிறார். பஸீலா இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று கேட்டேன். போனை அணைத்துப் போட்டபடியே சொன்னாள்.

"எங்கயும் கத்துக்கலம்மா. எங்க வீட்டுக்காரர் இந்தக் கருவிக்குள்ளதான் குடும்பம் நடத்தறாரு. ஒரு தடவை இது கெட்டப்ப கடைல குடுத்தேன். சரி பண்ணித் தந்தான். ஆனா உள்ள இருந்ததை எல்லாம் துடைச்சுட்டுத் தந்தான். ஷாஜியா முதல்ல சைக்கிள் ஓட்டினது, அதுக்கு அவரு அங்கேருந்து 'வா வா'ன்னு கூப்பிட்டது, எல்லாம் போச்சு. அவரு ரெண்டு நாள் பேசல. 'நீ என்ன பண்ணுவ'ன்னுதான் சொன்னாரு. அதுதான் எனக்குப் பொறுக்கல. இனிமே நானா பாத்து, என்னால ஆகாதுன்னு தெரிஞ்ச பிறகுதான் கடைன்னு முடிவு பண்ணினேன். சரி, அது கிடக்கட்டும். ஆன் ஆயிடுச்சு. போடுங்கக்கா."

போட்டாள். இருட்டு.

"அணைச்சுப் போட்டுப் பாத்தாச்சு. சரியாகல." எழுதினாள். "இப்ப பாட்டு."

சினிமாப் பாட்டு ஒன்று அறை அதிரக் கேட்டது. திரை அப்படியே இருந்தது. 'நல்லா இருக்கு: பாட்டு, பெரிய ஸ்பீக்கர்.' வீடியோ பார்த்தாள். நல்லா இருக்கு. சத்தம் வேறு எதற்காவது போகிறதா என்று புளூடூத்தை அணைத்தாள். மாற்றமில்லை. உள்ளே இடம் நிறைந்திருக்கிறதா என்று பார்த்தாள். பாதிக்கு மேல் காலி. உறையைக் கழற்றிப் பார்த்தாள். மாற்றமில்லை.

"இதையெல்லாம் ஒண்ணாப் பண்ணிட வேண்டியதுதானே, நேரம் மிச்சம்" என்றாள் பிரேமலதா, கடிகாரத்தைப் பார்த்து. மணி ஒன்றரை ஆகப்போகிறது.

"நீங்க ஜாக்கெட் சரியில்லன்னா கையையும் கழுத்தையும் ஒண்ணாப் பிரிப்பீங்களா?"

"மாட்டேன். எங்க புடிக்குதுன்னு தெரியாமப் போயிடும்."

"இதுவும் அதேதான். ஒரு நேரத்துல ஒண்ணு."

பிறகு பஸீலா தன் போனிலிருந்து பிரேமலதாவைக் கூப்பிட்டாள். மணி நன்றாக அடித்தது. "எடுங்க. காதுல வைக்காதீங்க. தரைலயே கிடக்கட்டும்."

பிரேமலதா எடுத்துத் தரையில் வைத்தாள். திரை இருண்டது.

"இது எப்பவும் அப்படித்தானே? பேசறப்ப இருட்டாத்தான் இருக்கும்" என்றாள் பிரேமலதா.

"காதுல வச்சாத்தான் இருட்டணும். கன்னம் பட்டு எதுவும் அமுங்கிடக் கூடாதுன்னு அது தன்னை அணைச்சுக்கும். இப்ப இது தரைல கிடக்கு. தரைல கிடந்துக்கிட்டு, யாரோ காதுல வச்சிருக்காங்கன்னு நெனைக்குது." பஸீலாவின் குரல் மெதுவாகிவிட்டது. தன் போனில் ஏதோ ஒரு பேச்சைப் போட்டு, அதன் மேல் விளிம்பில் உள்ளங்கையைக் குவித்தாள். அந்தப் போனும் சட்டென்று இருண்டது. கையை எடுத்தாள், வெளிச்சம் வந்தது. வைத்தாள், இருட்டு. "பாருங்க. இங்க மேலே ஒரு கண்ணு இருக்கு. பக்கத்துல கன்னம் வந்தா அதுக்குத் தெரியும். உடனே திரையை அணைச்சுட்டு, பேச்சைப் பெரிய ஸ்பீக்கர்லேருந்து இந்தக் காது ஓட்டைக்கு மாத்திடும். மத்தவங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

"என்னைவிட உஷாரா இருக்கே" என்றாள் பிரேமலதா.

"அதான் சொல்றேன். உங்க போன் ஊமை ஆகல. ரகசியமா பேசிக்கிட்டு இருக்கு." பிரேமலதாவின் போனில் அந்த 'ஒண்ணு ரெண்டு மூணு'வைப் போட்டுக் காதில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "கேக்குது! ஆனா கிணத்துக்குள்ள யாரோ பேசற மாதிரி. ரெண்டா மூணான்னு தெரியல."

என்னிடம் நீட்டினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் காது அப்படி.

"அப்ப அந்தக் கண்ணு ஏன் மூடியிருக்கு?" என்று நான் கேட்டேன்.

"அதுதாம்மா." போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டார்ச் அடித்தாள். முன்னால் ஒட்டியிருந்த கண்ணாடித்தாளில் ஒரே கீறல். "ஒண்ணும் ஒட்டியிருக்கற மாதிரி தெரியல. தங்கக் கலர் போன், காது ஓட்டைக்குத் தங்கக் கலர் சல்லடை. சுத்தமாத்தான் இருக்கு." முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். மறுபடி போட்டுப் பார்த்தாள். இருட்டு. மறுபடி துடைத்தாள். இருட்டு.

ரெங்கராஜ் கை கழுவிவிட்டு வந்து நின்றார். சட்டை மாட்டியாகிவிட்டது. ஹெல்மெட் கையில்.

"என்னம்மா பஸீலா?"

பஸீலா டார்ச்சை அணைத்தாள். பிறகு, "நோய் என்னன்னு தெரிஞ்சுடுச்சு அண்ணே. கண்ணு. அதுவே உள்ள கெட்டுப் போயிருந்தா நம்மால முடியாது. புதுசு மாத்தணும். அதுக்குக் கடைதான்" என்றாள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவில்லை அவள். அந்த இடத்தில் எனக்கு அவளை இன்னும் பிடித்தது. ஆனால் என் கை, மடியில் இருந்த ஜாக்கெட் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தது.

"சரி, கொண்டா. பேட்டர்னை ஒரு சீட்டுல எழுது."

பிரேமலதா போனைக் கையில் எடுத்தாள். கொடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க. அழிச்சுட்டுத் தரேன்."

"எதை?"

"எல்லாத்தையும். நாப்பத்து மூணு பேரோடதையும்."

"உனக்கென்ன பைத்தியமா? அழிச்சுட்டு எப்படித் தைப்ப?"

"திரும்பக் கூப்பிடறேன். ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, என் தப்புதான், இன்னொரு வாட்டி வந்து அளவு குடுங்கன்னு கேக்கறேன். வர்றவங்க வரட்டும். வராதவங்க வேற எடத்துல தைச்சுக்கட்டும்."

"பாதிப் பேர் வரமாட்டாங்க பிரேமா. தீபாவளி நேரம்."

"தெரியும்."

"போன் சரியாகி வந்ததும் அம்மா ஸ்ரீரங்கத்துலேருந்து திரும்ப வரணுமா உனக்காக?"

பிரேமலதா என்னைப் பார்த்தாள். நான், "வருவேன்" என்றேன்.

அவள் மெஷின் பலகையில் சாய்ந்து நின்று, ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினாள். விரல் நிதானமாகத்தான் போனது. ரெங்கராஜ் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டார்.

பஸீலா மட்டும் போனைப் பார்க்கவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினின் நெற்றியில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். பக்கத்தில் பெரிய கத்தரிக்கோல், அதன் திருகின் மேல் ஒரு பொட்டு. இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு பொட்டு. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு ஒரு பொட்டு. ஸ்கேலுக்குக்கூட.

"அக்கா" என்றாள். "நிறுத்துங்க. அழிக்காதீங்க. ஒண்ணு கேக்கறேன். இதுக்கெல்லாம் பொட்டு எப்ப வச்சீங்க?"

"ஆயுத பூஜைக்கு. ஏன்?"

"போனுக்கும் வச்சீங்களா?"

"வைக்காம? அதுதானே இப்ப எனக்குப் பெரிய ஆயுதம்?"

"எங்க வச்சீங்க?"

"நெத்தியிலதான். வேற எங்க வைப்பாங்க?"

பிரேமலதா போனைத் திருப்பிக் காட்டினாள். மேல் விளிம்பு, நட்ட நடு. காது ஓட்டை.

பஸீலா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "யா அல்லாஹ்! ஒண்ணும் பண்ணலன்னு சத்தியம் பண்ணினீங்களே!"

"பூஜைதானே பண்ணினேன்? போனை என்ன பண்ணினேன்?" உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை. "போன வருஷம் பழைய போனுக்கும் வச்சேன், நல்லாத்தானே இருந்துச்சு? அப்பவே துடைச்சும் எடுத்துட்டேனே."

"மேலத் துடைச்சிருப்பீங்க. தண்ணியா கரைச்ச சந்தனம் ஓட்டைக்குள்ள எறங்கிக் காஞ்சு போச்சு. கண்ணு, காது ரெண்டும் பக்கத்து பக்கத்து வீடு. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல் வந்தப்பவே தெருவுல ஏதோ இருக்குன்னு நான் யோசிச்சிருக்கணும். நானும் முட்டாள். தங்கக் கலர் போனுக்குத் தங்கக் கலர் சல்லடைன்னு நெனச்சுட்டேன். அது சல்லடை இல்ல, சந்தனம்!"

"நம்ம பக்கம் பாதிப் பேர் போனுக்குப் பொட்டு வைக்கிறோமே" என்றார் ரெங்கராஜ். "நானும்தான் வச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகலயே?"

"நீங்க எங்க வச்சீங்க அண்ணே?"

"பின்னாடி, உறை மேல."

"பின்னாடியா?" என்றாள் பிரேமலதா, எல்லாவற்றையும் மறந்து. "முதுகுல யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?"

அடுத்த பத்து நிமிடம் அவர்கள் இருவரும் வேலை செய்ததை நான் மறக்கமாட்டேன். பிரேமலதா முதலில் ஊசியை எடுத்தாள். "ஊசி கூடாது, சல்லடை கிழிஞ்சுடும்" என்றாள் பஸீலா. மெஷின் எண்ணெயை எடுத்தாள். "எண்ணெய் சொட்டுகூடக் கூடாது." வாயால் ஊதப் போனாள். "எச்சி போகும். ஊதாதீங்க."

"அப்ப நான் என்னதான் பண்ண?"

"உங்ககிட்ட மெஷின் துடைக்கிற பிரஷ் இருக்குல்ல, பூ மாதிரி? என் பிரஷ் இதுக்கு முரடு. நீங்களே பண்ணுங்க. எனக்குக் கை அவ்வளவு நிதானம் கிடையாது."

போனை அணைத்தார்கள். பிரேமலதா கண்ணாடித்தாளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, தையல் பிரிக்கும் பதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பினாள். அடியில் மேல் விளிம்பு முழுக்க வெளிறிய மஞ்சளாகச் சந்தனம் ஓடிக் காய்ந்திருந்தது, நடுவில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு. லைனிங் துணியின் வெட்டுத்துண்டால் அதைத் துடைத்தாள். பிறகு போனைத் தலைகீழாகப் பிடித்து, தூள் வெளியே விழும்படி, அந்த ஓட்டையில் பிரஷை ஒரே திசையில் இழுத்தாள். இழுத்தாள், தட்டினாள், இழுத்தாள். பஸீலா டார்ச்சை அசையாமல் பிடித்திருந்தாள். நாட்காட்டித் தாளில் 'கெட்டிருக்கு' என்று எழுதிய பக்கத்தின் மேல் மஞ்சள் தூள் உதிர்ந்தது. சந்தன வாசனைகூட லேசாக வந்தது.

"கறுப்பாத் தெரியுது இப்ப" என்றாள் பஸீலா. "சல்லடை கறுப்புதான்! போதும். ஆன் பண்ணுங்க. பிஸ்மில்லாஹ்."

போன் திறக்கும்வரை ரெங்கராஜ் மணியைப் பார்க்கவே இல்லை. இரண்டு அடித்துப் பத்து நிமிடம்.

பிரேமலதா அமுக்கினாள்.

"ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு" என்று அவள் குரல் அறைக்குள் கணீரென்று கேட்டது. திரை அணையவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் பஸீலா.

"பெருமாளே" என்றேன் நான்.

ரெங்கராஜ் ஹெல்மெட்டை எடுத்தார். "பஸீலா, நீ கடை போடு. நான் கல்லாவுல உக்காந்துக்கறேன்."

"இருங்க அண்ணே. பழசு ஒண்ணு கேட்டுப் பாத்தாத்தான் முழுசா சரின்னு சொல்ல முடியும்." சொல்லிவிட்டு உடனே எழுந்தாள். "நான் இங்க இருக்க மாட்டேன்க்கா. சமையக்கட்டுக்குப் போயிடறேன்."

"நீங்களும் வெளிய போய் நில்லுங்க" என்றாள் பிரேமலதா கணவரிடம்.

"என் வீட்டுல நான் எங்க போய் நிக்கிறது?"

"படில. அஞ்சு நிமிஷம்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பிரேமலதா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். என் பக்கத்தில் வந்து குனிந்தாள். "அம்மா, அடுத்தவங்களோடதை உங்க முன்னாடி போடக் கூடாது. உங்களோடதைப் போடவா?"

"போடு."

பொங்கலுக்கு எடுத்த அளவு. சத்தத்தைக் குறைத்து வைத்துப் போட்டாள். தோள், கை, முதுகு. பிறகு அவள் குரல் தாழ்ந்து சொன்னது: "வலது பக்கம் பதினேழு. இடது பக்கம் பதினஞ்சரை. பஞ்சு ரெண்டு மடிப்பு, உள் தையல் மெத்துன்னு." அதற்குப் பின்னால் என் குரல், கூச்சத்தோடு: "வெளிய தெரியாதில்லம்மா?" அவள் குரல்: "தெரியாதும்மா. நான் இருக்கேன்."

அவ்வளவுதான் பதிவு. பிரேமலதா போனை மெஷின் பலகையில் வைத்தாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். என் மடியிலிருந்து கசங்கிய துணியை வாங்கி உதறி, மேஜையில் விரித்துக் கையால் நீவினாள்.

"அதே அளவுதானேம்மா? மாத்தம் ஒண்ணும் இல்லையே?"

"அதே அளவுதான்."

சாக்பீஸ் எடுத்து முதல் கோட்டைப் போட்டாள். மூன்று நாளில் முதல் கோடு.

படியிலிருந்து ரெங்கராஜ், "வேலைக்குப் போறவன் ஹெல்மெட் எடுத்துட்டேன். செருப்பு உள்ள இருக்கு. அதையாச்சும் தருவீங்களா?" என்றார். பிரேமலதா சிரித்துக்கொண்டே போய்த் தாழைத் திறந்தாள். நான் பஸீலாவைக் கூப்பிடச் சமையலறைக்குப் போனேன்.

குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருந்தாள். குடம் நிரம்பி வழிந்து, தண்ணீர் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமும் போதாதென்று, பஸீலா சுவரைப் பார்த்து நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள்.

"கேட்டுச்சாம்மா?" என்றாள், கையை எடுக்காமலே, உரத்த குரலில்.

"கேட்டுச்சு" என்றேன். குழாயை நான்தான் மூடினேன்.